எண்பது கண்ணி, இரண்டு அகலம்

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். குரோஷே பின்னல் என் கையைக் கெடுக்கவில்லை. இதை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை சொன்னேன். நரம்புப் பரிசோதனை அறையில் சொன்னேன். என் கணவரிடம் சமையலறையிலும் ஆட்டோவிலும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. எழுத்தில் இருந்தால் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் விமலா. வயது ஐம்பத்திரண்டு. பெங்களூர் பிரேசர் டவுனில் வீடு. பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடும் வேலை. கணவர் தேவராஜ் ஒரு பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். மகள் ஷீபா கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறாள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அன்றன்றைக்கு நடந்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் நாலு வரி எழுதிவைப்பேன். எந்த மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, யார் வீட்டுத் திருமணம், எந்த வாரம் கரண்ட் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கு அது பல் விளக்குவது போல.

போன டிசம்பர் முதல் ஞாயிறு மாலைக்கான வரி இது: "வாசலில் ஸ்டார் கட்டினோம். இடது சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்தாற்போல இருக்கின்றன. குளிராக இருக்கலாம்." அந்த நாளில் என்னிடம் குரோஷே ஊசியும் இல்லை, நூலும் இல்லை. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமை, கமர்ஷியல் தெருவில் சாம்பல் நீலத்தில் பருத்தி நூலும் நாலு மில்லிமீட்டர் கொக்கி ஊசியும் வாங்கினேன். கோடைக்கு ஒரு டாப் போட்டுக்கொள்ள ஆசை. பெங்களூரில் கோடை என்று ஒன்று இல்லாத காலம் போய்விட்டது. ஏப்ரலில் நூலகத்தின் மேல் மாடியில் விசிறிக்கு அடியிலேயே ரவிக்கை நனைகிறது. வீடியோவில் ஒரு பெண் சொன்னாள், ஆரம்பப் பாடம் படிப்பவர்களுக்கு இதைவிட எளிய சட்டை கிடையாது என்று. முன்னுக்கு ஒரு செவ்வகம், பின்னுக்கு ஒரு செவ்வகம். தோளில் தைத்து, கை நுழைய இடம் விட்டு, பக்கங்களைத் தைத்தால் முடிந்தது.

"இந்த வயசுல டாப்பா?" என்றார் தேவராஜ்.

"சேலைக்கு உள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு வயசு ஐம்பத்தி ரெண்டாயிடுச்சுங்க."

"யார்மா ஒளிய சொன்னது?" என்றாள் ஷீபா. "போடும்மா நீ. நான் லெக்கிங்ஸ் வாங்கித் தரேன்."

ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வரிசையின் கடைசிக் கண்ணியை, அதாவது கடைசி நூல் வளையத்தை, விட்டுவிடுவார்கள். துணி மேலே போகப் போகக் குறுகி, சட்டைக்குப் பதில் கொடியாக வந்து நிற்கும். அதற்குப் பயந்து ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணினேன், நோட்டில் எழுதினேன். எண்பது, எண்பது, எண்பது. தேவராஜின் இரும்பு டேப்பால் அகலத்தையும் அளந்தேன். முதல் செவ்வகம் நாற்பத்தைந்து வரிசை. ஜனவரி முடிவதற்குள் ஆனது. ஐம்பது சென்டிமீட்டர். கடைசிப் பத்து வரிசை மட்டும் ஐம்பத்தொன்று.

குரோஷே பார்த்திராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வலது கையில் ஊசி. அது குத்தும், கொக்கி போடும், இழுக்கும். பார்ப்பவர் கண் அதன் மேல்தான் போகும். உண்மையான வேலை இடது கையில் நடக்கிறது. நூலை இடது சுண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் கொண்டுவந்து, இறுக்கமாகப் பிடித்து, அளந்து அளந்து விட வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் ஒவ்வொரு கண்ணியும் வாய் பிளக்கும். எண்ணிக்கை மாறாது, அகலம் கூடும்.

பிப்ரவரி முதல் வாரம், இரண்டாம் செவ்வகத்தின் ஆறாவது வரிசை. நூல் சுண்டு விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அகலம் ஐம்பத்திரண்டு. அதே வாரம் இடது கையிலிருந்து காபி டம்ளர் இரண்டு முறை விழுந்தது. ஜாக்கெட் கொக்கி மாட்ட ஷீபாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. பஸ் படியேறும்போது இடது கால் செருப்பு எனக்குத் தெரியாமலே கழன்று கீழே கிடந்தது. புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனேன்.

காத்திருக்கும் கூடத்தில் இரண்டரை மணி நேரம். கையில் நூல் பை. சும்மா உட்காரத் தெரியாத எவரும் செய்வதை நானும் செய்தேன், ஏழாவது வரிசையை ஆரம்பித்தேன். டோக்கன் கூப்பிட்டதும் அதைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனேன். பையிலிருந்து ஊசி எட்டிப் பார்த்தது. அதுதான் நான் செய்த பெரிய தவறு.

"என்னம்மா, ஸ்வெட்டரா?" என்றார் எலும்பு மருத்துவர்.

"டாப், டாக்டர். கோடைக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், கலகலப்பானவர். "ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துரப் போகுது. இதுதாம்மா உங்க வியாதி. பையிலயே எடுத்துட்டு வந்திருக்கீங்க."

டிசம்பர் வரியைக் காட்ட நோட்டை எடுத்தேன். "அதெல்லாம் வேண்டாம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். அவர் எழுத ஆரம்பித்திருந்தார். கால் செருப்பைச் சொன்னேன். "கால் வேற, கை வேற. ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றார். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. என் விரலைத் தொடவும் இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அதற்குக் கார்ப்பல் டனல் என்று பெயர் என்றார். இரண்டு கைக்கும் மணிக்கட்டுப் பட்டை, வைட்டமின் மாத்திரை, மூன்று வாரம் பின்னல் கூடாது. பட்டை கட்டிய நர்ஸ் வலது கையை இன்னும் இறுக்கினாள், "வேலை செய்யற கை இதுதானே."

நூலகத்தில் வேலை செய்பவளுக்கு, கார்ப்பல் டனலில் மரத்துப்போவது கட்டைவிரல் பக்கம் என்றும் சுண்டு விரலை அது தொடாது என்றும் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மறுநாளே தேவராஜிடம் சொன்னேன்.

"அவர் படிச்சவரா, நீ படிச்சவளா?"

"ரெண்டு பேருமே படிச்சவங்க. நான் இந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கேன்."

"ஊசியைக் கீழ வைடீன்னா, புக்கைத் தூக்கிட்டு வர." ஊசியைப் பிடுங்கிக் கொண்டுபோய் மெயின் போர்டுக்கு மேலே எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

மூன்று வாரம் நான் ஒரு கண்ணிகூடப் போடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் நோயாளி. அந்த மூன்று வாரத்தில் நைட்டிப் பொத்தான் போடுவது நின்றது, சப்பாத்தி பிய்ப்பது நின்றது, மாடிப்படிக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. பிப்ரவரிக் கடைசியில் மறுபடி போனேன். நரம்பில் சிறிய மின்சாரம் விட்டு அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுருக் சுருக்கென்று எறும்பு கடிப்பது போல ஒரு மணி நேரம். மணிக்கட்டில் மிகச் சிறிய தாமதம் என்று வந்தது. என் வயதில் பாதிப் பேருக்கு அந்தத் தாமதம் இருக்கும் என்று பரிசோதனை செய்தவரே முணுமுணுத்தார். எலும்பு மருத்துவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? சொன்னேன்ல. இன்னும் ரெஸ்ட் குடுங்க."

"மூணு வாரம் தொடவே இல்ல டாக்டர். அதிகமாத்தான் ஆயிருக்கு."

"திருட்டுத்தனமா போடறீங்களோ?" என்று கண்ணடித்தார்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கு வந்து முக்காலி போட்டு ஏறி ஊசியை எடுத்தேன். கால் நடுங்கியது, ஆனாலும் எடுத்தேன். திருட்டுத்தனம் என்று பட்டம் வந்துவிட்டது, இனித் திருடினால் என்ன?

நின்ற இடத்திலிருந்து ஏழாவது வரிசையைப் போட்டு அளந்தேன். எண்பது கண்ணி. ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். மூன்று வாரம் கையைச் சும்மா வைத்திருந்ததில் மூன்று சென்டிமீட்டர் தளர்ந்திருந்தது. என் பிழையாக இருக்கும் என்று பிரித்தேன். மறுபடி போட்டேன். ஐம்பத்தாறு. அடுத்தடுத்த வாரங்களில் ஐம்பத்தெட்டு வரை போனது. கற்றுக்கொள்பவள் நாளுக்கு நாள் தேற வேண்டும். நான் நாளுக்கு நாள் கையில் பிடித்ததை விட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் நினைத்தது, எனக்கு இது வராது போலிருக்கிறது என்பதுதான். இதை எழுதும்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ஆதாரத்தை என் கையாலேயே பின்னி, என் டேப்பாலேயே அளந்து, தேதி போட்டு எழுதிவைத்துவிட்டு, அது ஆதாரம் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் நடுவில் மூன்றாம் முறை போனபோது அவர் பிசியோதெரபிக்கு எழுதினார். மெழுகை உருக்கிய சூடான தொட்டியில் இரண்டு கையையும் முக்கி எடுப்பது. கை வெள்ளை உறை போட்டாற்போல ஆகும். சுகமாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு வாரம் முக்கினேன்.

ஏப்ரல் இரண்டாம் செவ்வாயன்று வழக்கமாக வருபவர் விடுமுறை. அவருக்குப் பதில் ஷோபா என்பவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். கையை மெழுகில் வைத்துக்கொண்டு, பையில் இருக்கும் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னேன். கண்ணாடியோடு இரண்டு செவ்வகங்களும் வெளியே வந்தன.

"அரே, குரோஷாவா? நானும் போடுவேன்மா. மூணு டேபிள் கிளாத் போட்டிருக்கேன், ஒண்ணுகூட மாமியார் விரிக்கல." அவர் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். பின் துண்டு முன் துண்டைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. "ரெண்டும் ஒரே ஊசியா?"

"ஒரே ஊசிதான்."

"கண்ணி கூட்டிட்டீங்களா?"

"இல்ல மேடம். எண்பது. ஒவ்வொரு வரிசையும் எண்ணி எழுதியிருக்கேன்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "சொல்ப, கொஞ்சம் இருங்க. நூல் பிடிக்கறது எந்தக் கை?"

பத்து வாரத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டார். "இடது" என்றேன்.

மெழுகை உரித்துவிட்டு, கையை நீட்டி விரல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"சுண்டு விரலைச் சேருங்கம்மா."

"சேத்துத்தான் வச்சிருக்கேன்."

இருவரும் பார்த்தோம். சுண்டு விரல் தனியாக, பிணங்கிக்கொண்ட பிள்ளை மாதிரி, விலகி நின்றது. பிறகு பத்து நொடியில் எத்தனை முறை கையை மூடித் திறக்க முடியும் என்று எண்ணினார். பதினொன்று. "இருபது வரணும்" என்றார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். நான் அசைக்காமலே கட்டைவிரல் துள்ளியது. அவர் மெழுகுத் தொட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"அம்மா, இது மணிக்கட்டு இல்ல. எனக்குக் கழுத்து மேல சந்தேகம். ஆனா நான் இத எழுதக் கூடாது, டாக்டர்தான் எழுதணும். நீங்க வேற இடத்துல நியூரோ, நரம்பு டாக்டரைப் பாருங்க, நாளைக்கே. ஆட்டோல போங்க. பஸ்ஸுல வேண்டாம். சடன் பிரேக் போட்டா ஆபத்து."

மூன்று மேஜை விரிப்புப் போட்ட ஒருவருக்குத் தெரிந்தது அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவருக்கு எழுத உரிமை இல்லை. இதை எந்த இடத்தில் வைத்து ஆறிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வியாழக்கிழமை வேறொரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து நாற்பது நிமிடம். தகரக் கூரையில் கல் விழுவது போன்ற சத்தம். அசையக் கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் வரிசை போட்டேன். ஆறாவது வரிசையின் நடுவில் வெளியே இழுத்தார்கள்.

அறுவை மருத்துவர் ஒரு பெண். படத்தைச் சுவரில் வைத்துக் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் மூளையிலிருந்து கைகால்களுக்கு இறங்கும் தண்டுவடம். ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையே இருந்த வட்டு பின்பக்கம் பிதுங்கி, தண்டுவடத்தைப் பின்பக்க எலும்போடு ஒட்டி அழுத்தியிருந்தது. வெள்ளைக் கோடாக வர வேண்டியது அந்த இடத்தில் நூலாக இருந்தது.

தேவராஜ் எழுந்து படத்துக்கு அருகே போனார். "மெயின் லைனே நசுங்கியிருக்கு" என்றார் மெதுவாக. "நாங்க இத்தனை நாளா ஸ்விட்சை மாத்திட்டு இருந்தோம் டாக்டர்."

"அதேதான்" என்றார் அவர். நோட்டை வாங்கிப் பார்த்த ஒரே மருத்துவர் அவர். டிசம்பர் வரியைப் படித்தார், அகலங்களைப் படித்தார், இரண்டு செவ்வகங்களையும் மேஜையில் விரித்துத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஆபரேஷன் பண்றது இதுக்கு மேல போகாம நிறுத்த. போனது திரும்பி வருமான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"பிப்ரவரியிலயே பண்ணியிருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "அத இப்ப பேசி என்னம்மா?"

நான் மதிக்கும் மருத்துவர் அவர். என் கழுத்தைத் திறந்து என்னை நடக்க வைத்தவர். ஆனாலும் எழுதுகிறேன்: அதை அப்போது பேசியிருக்க வேண்டும். அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையில், என் பத்து வாரம் யாரால் வீணானது என்று யாரும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை சேர்ந்தேன். பழைய மருத்துவமனையின் காகிதத்தில் "மிகுதியான பின்னல் வேலையால்" என்று இருந்ததைப் பதிவு மேஜையில் பார்த்து எழுதினார்கள். அதைப் பார்த்து வார்டு நர்ஸ் எழுதினார். அதைப் பார்த்து மயக்க மருந்து மருத்துவர் எழுதினார். "நீங்கதானே அந்த நிட்டிங் அம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் வந்தார்கள். அட்டவணைக்காரிக்கு இது பழகிய கதை. முதல் சீட்டில் ஒருவர் தவறாக எழுதிவிட்டால் அடுத்த பத்துச் சீட்டும் அதையே சொல்லும். பத்துச் சீட்டு சொல்வதால் அது உண்மை என்று ஆகிவிடும்.

பக்கத்துக் கட்டிலில் ஈஜிபுராவிலிருந்து செல்வி என்ற பெண். கார்மென்ட்ஸில் மெஷின் தைப்பவள், முப்பத்தைந்து வயது. இரண்டு வருடம் முதுகுவலி என்று போன இடமெல்லாம், உட்கார்ந்து தைப்பதால் வருகிறது, வேலையை விடு என்றார்களாம். முதுகெலும்பில் காசநோய் இருந்திருக்கிறது.

"உங்கள பொழுதுபோக்க விடுன்னாங்க. என்னைச் சோத்த விடுன்னாங்க" என்றாள். "காரணம் சொல்றதுக்கு நம்ம கையில ஏதோ ஒரு வேல இருந்தா போதும்க்கா அவங்களுக்கு." அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை அறுவை. கழுத்தின் முன்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குக் கீறி, மூச்சுக்குழாயை ஓரம் தள்ளி, கெட்ட வட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு பெட்டி வைத்துத் தகடு போட்டுத் திருகுவார்கள். பின்னால் இருக்கும் எலும்புக்கு முன்னாலிருந்து ஏன் போகிறார்கள் என்று தேவராஜ் கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லோருக்கும் விளக்கினார். விழித்தபோது குரல் போயிருந்தது. தவளை பேசுவது போல ஒரு சத்தம். முழுங்கினால் தொண்டையில் கல். கழுத்தில் பட்டை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து, கையை அழுத்து, காலைத் தூக்கு என்பார்கள். ஒவ்வொரு முறையும் அது வராமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து அழுத்தினேன்.

ஷீபா விடுப்பு எடுத்துக்கொண்டு ராகிக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள். தேவராஜ் என் தலையை வாரிப் பின்னினார். முப்பது வருடத்தில் முதல்முறை. பின்னல் மூன்று கால் வயர் முறுக்கியது போல இருந்தது.

மூன்றாம் நாள் அறுவை மருத்துவர் வந்து கையை மூடித் திறக்கச் சொன்னார். அதே பதினொன்று. "குறையல. நல்ல விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சுவர்ப் பக்கம் பார்த்தேன். கழுத்துப் பட்டையோடு திரும்பி அழக்கூட வசதியில்லை.

அன்று மதியம் தேவராஜ் வீட்டிலிருந்து வரும்போது நூல் பையைக் கொண்டுவந்திருந்தார். அறுவை மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டாராம், படுத்தபடி கொஞ்ச நேரம் செய்யலாமாம்.

"நூல் நிக்காதுங்க கையில" என்றேன் தவளைக் குரலில்.

"ஊசிக்கை நல்லாத்தானே இருக்கு? நூல நான் பிடிக்கறேன். எப்படிச் சுத்தணும், சொல்லு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டார். முப்பது வருடம் கம்பி இழுத்த விரல்கள். நான் கொக்கி போட்டு இழுத்தால் வரவில்லை.

"விடுங்க, விடுங்க! இவ்ளோ இழுக்கக் கூடாது."

"லூசா விட்டா கான்டாக்ட் நிக்காதுடீ."

"இது வயரில்ல, பருத்தி!"

செல்வி வலியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அக்காவுக்குத் தையல் பிரிஞ்சிரப் போகுது."

எண்பது கண்ணிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த வரிசை நாற்பத்தாறு சென்டிமீட்டர். ஐம்பத்தெட்டுக்கு அடுத்து ஒரு பெல்ட் மாதிரி நின்றது. அளந்து எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு நோட்டை மூடாமல் வைத்திருந்தார்.

"நானும் அந்த ஆள் சொன்னதையேதான் சொல்லிட்டு இருந்தேன், இல்ல?"

"ஆமா."

"எத்தனை தடவ?"

"எண்ணலைங்க."

"பொய் சொல்லாத. எழுதிவச்சிருப்ப."

"இருபத்தாறு."

அவர் தலையாட்டிக்கொண்டே நூலை மறுபடி விரலில் சுற்றினார். அடுத்த வரிசை நாற்பத்தொன்பது வந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பும் சுருக்கக் குறிப்பைக் கொடுத்தார்கள். முதல் பத்தியிலேயே "மிகுதியான பின்னல் வேலையால்" உட்கார்ந்திருந்தது. தவறு என்றேன். "டெம்ப்ளேட்ல வந்துடுச்சு மேடம், பெரிய விஷயமில்ல" என்றார் பணியிலிருந்த மருத்துவர். எனக்குப் பெரிய விஷயம் என்றேன். கட்டிலுக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்றார்கள். சக்கர நாற்காலிக்கு மாறிக்கொள்கிறேன், வராண்டாவில் உட்காருகிறேன், அச்சடித்துக் கொண்டுவாருங்கள் என்றேன். குரலே இல்லாத பெண்ணிடம் வாதாடி ஜெயிப்பது கடினம், குனிந்து குனிந்து கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வரி இல்லாத காகிதம் வந்தது.

மே மாதம் முழுதும் பந்து அழுத்துவது, பயறு பொறுக்குவது, வரிசை போடுவது. ஷோபா மேடம் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தார். பின் துண்டின் மிச்ச அகலத்தைத் தோளருகே கொசுவி விடுமாறு செல்வி போனில் சொன்னாள். அப்படியே செய்தேன். டாப் முடிந்தது. முன்பக்கம் நேராக இருக்கிறது. பின்பக்கம் இறங்க இறங்க விரிந்து, நடுவில் தேவராஜ் நூல் பிடித்த இரண்டு வரிசையில் இடுப்பைப் பிடிக்கிறது. "ம்மா, இதுக்குப் பேரு டிசைன்" என்றாள் ஷீபா. லெக்கிங்ஸும் வாங்கி வந்தாள்.

ஜூன் இரண்டாம் வாரம், மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்க நரம்புப் பரிசோதனையின் அசல் காகிதம் தேவைப்பட்டது. அதற்கு அந்த எலும்பு மருத்துவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டோக்கன் வாங்கி, அந்த டாப்பை அணிந்துகொண்டு, அதே கூடத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்கு என்னை நினைவில்லை. கழுத்துத் தழும்பைப் பார்த்தார். நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொன்னேன். முகத்தில் ஒரு கணம் ஏதோ மாறியது. பிறகு பழைய கலகலப்பு வந்துவிட்டது.

"சில கேஸ் அப்படித்தாம்மா, ஆரம்பத்துல பிடிபடாது. இப்ப நல்லா இருக்கீங்கல்ல? அப்புறம் என்ன?"

"பத்து செகண்ட் இருக்கா டாக்டர்?"

"சொல்லுங்க."

இடது கையை அவர் மேஜை மேல் வைத்தேன். "கடிகாரத்தைப் பாத்துக்கோங்க. நான் மூடித் திறக்கறேன். சத்தமா எண்ணுங்க."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எட்டில் குரல் இறங்கியது. வாசலில் நின்றிருந்த நர்ஸும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடிந்த வேகத்தில் மூடினேன், திறந்தேன். சுண்டு விரல் கடைசியாக, தனியாக வந்து சேர்ந்தது.

"பதினாலு" என்றார்.

"இருபது வரணும். ஏப்ரல்ல பதினொண்ணு. ஆபரேஷன் பண்ண டாக்டரம்மா இதுக்கு மேல எதிர்பாக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க." கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "பிப்ரவரியில எத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். நீங்க எண்ணலை."